இரண்டு ஷாமளாக்கள்

ஷாமளாவைப் படம் எடுப்பது கோழியைக் கூட்டில் அடைக்கிற மாதிரி. கைப்பேசியைத் தூக்கினால் போதும், நாக்கை நீட்டுவாள். இல்லையென்றால் மண்டரின் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். சுங்கைப் பட்டாணியில் மாலை நேர மண்டரின் சீனமொழி வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்து இத்தனை காலமாகியும், சசிதரனிடம் அவளுடைய ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லை.

இப்போது அவளுக்கு நாட்டின் தெற்குக் கோடியில், ஜொகூர் பாருவில் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை பஸ் ஏறுகிறாள். அதற்குள் ஒரு படம் வேண்டும். படத்தைவிட, அவளை ஒரு தடவை ஆற அமரப் பார்க்க வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவன் யார்? ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அந்தக் காரணத்தைக் கூலிமில் வாங்கினான். ஃபரா அங்கே நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தும் குடும்பத்துப் பெண். பழைய பிலிம் கேமராக்களைத் தேடிப்பிடித்து இணையத்தில் விற்பவள். கடைசி மேசையில் தே தாரிக் தேநீரை நகர்த்திவிட்டு, ரஷ்யாவில் செய்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை எடுத்து வைத்தாள். சின்னதாக இருந்தாலும் கையில் கனத்தது.

"இதுல பாருங்கண்ணே. நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் தெரியுதா? அதுக்குள்ள எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். லென்ஸ் வளையத்தத் திருப்புங்க. ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிச்சுன்னா ஃபோகஸ்."

அவன் திருப்பினான். கட்டத்துக்குள் ரொட்டி மாவை வீசிக்கொண்டிருந்த இரண்டு பேர் மெதுவாக நெருங்கி ஒரே ஆளானார்கள். அவனுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

"இன்னொண்ணு. படம் எடுத்தோடன லென்ஸ மூடிருங்க. உள்ள துணித் திரை. வெயில் பட்டா லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி சுட்டு ஓட்ட போட்டுரும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்லா. யாருக்கு, கேர்ள்ஃப்ரெண்டுக்கா?"

"இல்ல. வகுப்புல கூடப் படிக்கிறவங்க."

"சரி சரி. நானும் நம்பிட்டேன்."

சசிதரன் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவன் கையில் எல்லாவற்றையும் கைமுறையாகச் செய்ய வேண்டிய கேமரா கிடைத்தால் கேட்க வேண்டுமா? திகாம் பத்துவில் தன் வீட்டு வாசலில், பஸ் நிறுத்தத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒத்திகை பார்த்தான். கைப்பேசிச் செயலியில் வெளிச்சத்தை அளந்து, மூடியைக் கழற்றி, எடுத்து, மறுபடி மூடினான். செய்ததைச் சரியாகத்தான் செய்தோமா என்ற சந்தேகம் மட்டும் தீரவேயில்லை.

வெள்ளிக்கிழமை அந்த வட்டாரத்தில் வார விடுமுறை; இருவருக்கும் வேலையில்லை. மத்தியானம் தாண்டி மோட்டார் சைக்கிளில் பாடாங் மேஹாவுக்குப் போனான். ஷாமளா தோட்டத்து வீட்டின் முன்தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெட்டிகள் கட்டியாகிவிட்டன.

"இதுலயா எடுக்கப் போற? இது வேலை செய்யுமா?"

"செய்யும். அசையாத."

குனிந்து கண்ணை வைத்தான். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு ஷாமளாக்கள். ஒருத்தி இவனைப் பார்க்க, இன்னொருத்தி அவள் தோளிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தாள். வளையத்தைத் திருப்பினான். போனவள் திரும்பி வந்தாள். இன்னும் கொஞ்சம். இமையின் மேல் இமை பொருந்தியது. இடது புருவத்தில் சின்னதாக ஒரு தழும்பு. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் கண்ணில் படவில்லை.

"சசி..." அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத. ஆடிரும்."

வாயை மூடிக்கொண்டாள். பிறகு நாக்கை நீட்டவில்லை. முகத்தை மறைக்கவும் இல்லை. நேராகப் பார்த்தாள். அவன் எடுத்தான். கண்ணை எடுக்காமலே பிலிமை நகர்த்தி மறுபடி எடுத்தான்.

அவனுக்குப் பின்னால் கதவோரம் அவள் அம்மா வந்து நின்றார். "என்னா தம்பி, கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ நேரம் எடுக்க மாட்டாங்க. ரோஸ் தண்ணி ஐஸ் கரைஞ்சு போச்சு."

"முடிஞ்சிருச்சு ஆன்ட்டி" என்றான். சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வந்த வாக்கியத்தை ரோஸ் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வீடு திரும்பினான்.

மறுநாள் அவள் போய்விட்டாள். பிலிமைக் கழுவித் தரப் பினாங்குக் கடைக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். படங்கள் மின்னஞ்சலில் வந்தபோது பஸ் நிறுத்தம் இருந்தது, செம்பனை இருந்தது, வேலியோரத்து மாடுகூடப் பளிச்சென்று இருந்தது. ஷாமளா இல்லை. 'கடைசிப் பகுதி காலி. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை போல' என்று கடைக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார்.

முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டான். இந்தக் கேமராவில் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் விழுகிற லென்ஸ் வேறு. மூடியிருந்தாலும் எடுக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். மூடி கண்ணில் படுவது எதிரே இருப்பவருக்குத்தான்... அங்கே அவன் நின்றுவிட்டான். எதிரே இருந்தவள் அவள்.

அவள் வேலை முடிந்த நேரம் பார்த்து அழைத்தான்.

"ஷாமளா, உன் படம் மட்டும் வரல."

"மூடி போட்டிருந்துச்சு" என்றாள்.

"தெரியுமா?"

"மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு, தெரியாம?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். பேசாதன்னுட்ட. அப்பறம் சொல்லத் தோணல. என்னை யாரும் அவ்ளோ நேரம் பாத்ததில்ல சசி. சொன்னா, சட்டுன்னு எடுத்து முடிச்சிட்டுப் போயிருவ."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். விழுங்கிய வாக்கியம் தொண்டை வரை வந்தது. சரியான வார்த்தைகள்தானா என்று அப்போதும் சந்தேகம்.

"உனக்கு என்னிக்கு லீவு?"

"இங்க ஞாயித்துக்கிழமை. உனக்கு வெள்ளி. எங்க ஒத்துப் போறது?"

"நான் லீவு போட்டுட்டு அங்க வரேன். உன் ரூம்ல வெளிச்சம் எந்தப் பக்கம் வருது?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று அவனுக்குத் தோன்றியது.

"இரு, பாத்துச் சொல்றேன்" என்றாள்.

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. திரைச்சீலை விலகும் ஓசையும் ஜன்னல் திறக்கும் ஓசையும் கேட்டன. அவன் பார்த்தேயிராத ஒரு தெருவின் மோட்டார்களெல்லாம் காதுக்குள் பாய்ந்தன. அந்த இரைச்சலில் அவள் குரல் எப்போது வரும் என்று, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.