எல்லாச் சுவரிலும் ஒரே வீடு

இலங்கை மலையகத்தில், டயகமவில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். அதற்கு இணைய இணைப்போடு வந்த கம்ப்யூட்டர், பள்ளி அதிபர் இராமையாவின் அறையில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது. அறைச் சாவி அவருடைய சட்டைப் பையில். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடமான யசோதினி டீச்சருக்கு அந்தச் சாவி வேண்டும். அதில்லாமல் அவள் சனிக்கிழமைதோறும் அட்டன் நகரத்துக்கு பஸ் ஏறி, நெட் கஃபேயில் வெளிநாட்டு ஆசிரியர்கள் எழுதிவைத்த பாடங்களைப் பிரதி எடுத்து வந்துகொண்டிருந்தாள்.

"அதெல்லாம் அந்த ஊருப் பிள்ளைகளுக்குப் பண்ணது டீச்சர். நம்ம பிள்ளைகளுக்கு ஒத்துவராது" என்றார் இராமையா.

"ஒரு பாடம் செய்து காட்டுறன் சேர். சரிவந்தால் சாவியைத் தாங்கோ."

"சரிவரலைன்னா அப்புறம் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டன்."

அவள் யோசிக்கவே இல்லை. கனடாவில் ஒரு டீச்சர் இணையத்தில் போட்டிருந்த பாடம் அது. பிள்ளைகள் தங்கள் வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைய வேண்டும், பெயர் எழுதக் கூடாது. சுவரில் ஒட்டியதும் எது யாருடைய வீடென்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பே கலகலக்கும் என்று அந்த அம்மா சத்தியம் செய்யாத குறைதான்.

திங்கட்கிழமை இராமையா ஐந்தாம் வகுப்பின் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தார். படங்கள் சுவரேறின. காம்பரா என்று ஒரே ஒரு அறை, முன்னால் திண்ணையாக இஸ்தோப்பு, பின்னால் சமைக்கக் குசினி. அடுத்த படமும் அதுவே. அதற்கடுத்ததும் அதுவே. யசோதினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆரைப் பாத்துக் கீறினீங்கள்?"

சுலக்ஷனா எழுந்தாள். வகுப்பில் பயமில்லாமல் பேசுகிறவள் அவள்தான். "யாரையும் பாக்கல டீச்சர். லயத்துல எல்லா வீடும் இப்படித்தாங்க இருக்கு."

கடைசி வாங்கில் இராமையா கனைத்தார். யசோதினிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தத் தொழிலாளர் லயங்களைத் தினமும் தாண்டித்தான் வருகிறாள், ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் சாவியை விட்டுக்கொடுக்கிற ஆள் அவளில்லை.

"சரி, படங்களைக் கழட்டுங்கோ. ராத்திரியில ஆர் ஆர் எங்க படுக்கிறீங்கள், எந்தச் சாமான் எங்க இருக்கு எண்டு அதுக்குள்ள கீறுங்கோ."

இரண்டாம் முறை சுவர் வேறாக இருந்தது. ஒரு வீட்டில் இஸ்தோப்பில் மாமாவும் ஆட்டுக்குட்டியும். ஒன்றில் காம்பராவின் நடுவே சேலைத் தடுப்பு. தையல் மெஷினுக்குக் கீழே தங்கச்சி படுத்திருந்தால் அது வினோஜன் வீடு என்று வகுப்பே கத்தியது. கனடா அம்மா சொன்னது பொய்யில்லை.

ஒரே ஒரு படம் மிஞ்சியது. கட்டிலில் மூன்று பேர், அடுப்போரம் நான்கு பேர், கட்டிலுக்கு அடியில் சுருண்டபடி ஒருவன். யாருக்கும் தெரியவில்லை.

"அது என்னுது. சின்ன வயசுல இருந்த லயத்து வீட்டை நானும் வரைஞ்சேன்" என்றார் இராமையா. "அடியில இருக்கறது நான்தான். அங்க படுத்துக்கிட்டுத்தான் படிச்சேன்."

பிள்ளைகள் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பள்ளி விட்டதும் சாவி மேசைக்கு வந்தது. யசோதினி துணியை விலக்கி, மாற்றிய பாடத்தை அதே இணையத்தளத்தில் எழுத ஆரம்பித்தாள். இராமையா பின்னால் நின்றார்.

"மொத வரி என்ன போட்டிருக்கீங்க?"

"இந்தப் பாடத்தைத் தொடங்கிறதுக்கு முதல் ஒரு பிள்ளையின்ர வீட்டுக்குப் போய்ட்டு வாங்கோ எண்டு போட்டிருக்கிறன் சேர்."

"நீங்க போனீங்களா?"

அவள் கை நின்றது. "இல்லை சேர்."

"அப்ப இதை நாளைக்கு அனுப்புவோம். வாங்க, சுலக்ஷனா வீட்டுல டீ குடிக்கலாம்."

யசோதினி அறையைப் பூட்டினாள். சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, லயத்துக்குப் போகிற படிகளில் அவர் பின்னால் இறங்கினாள்.