பதினெட்டு நொடிச் சிள்வண்டு

சிவராமன் போட்ட மெட்டைக் கேட்டு, கொடைக்கானல் தூண் பாறையின் மூன்றாவது தூண் ஒன்றரை அடி நகர்ந்து நடுத் தூணோடு ஒட்டி நின்றது. சந்தேகம் இருப்பவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம். பனிமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போகவேண்டும், அவ்வளவுதான்.

இதை அவர் நாயுடுபுரம் டீக்கடையில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சண்முகசுந்தரி மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்து நாலு வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவர். முகவரியை இரண்டு தரம் வாசிக்காமல் தன் சொந்தக் கடிதத்தைக்கூடப் பிரிக்கமாட்டார்.

“நகந்தது தூணா, உங்க மூக்குக்கண்ணாடியாண்ணே?” என்று கேட்டுவிட்டு வடையைக் கடித்தார்.

சிவராமன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர் ஒன்று அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நாற்பது வயதான பெட்டி. அதற்கு மூன்று குரல்; நாலாவதாக ஓர் இரைச்சல். ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஒவ்வொரு சுரத்துக்கும் நாலு எண் அடிக்கவேண்டும். கூட்டுச் சுரம் வேண்டுமென்றால் மூன்று சுரங்களைக் கண் இமைக்கும் முன்னே மாற்றி மாற்றி ஓடவிட்டுக் காதை ஏமாற்றவேண்டும். சிவராமன் அந்த நாலாவது இரைச்சலைத் தகரக் கூரையில் விழும் சாரலாக மாற்றினார். நாலு மாதம், ஒன்பதாயிரம் எண்கள். (ஒன்பது லட்சம் என்றுதான் அவர் சொல்வார்.) கேட்டால் ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறி வருவது போலவே இருக்கும். அவர் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அதைத்தான் சேனாதிபதி திருடினான்.

சேனாதிபதி வட்டக்கானலில் விருந்தினர் விடுதி நடத்துகிறவன். ஒருநாள் டீ குடிக்க வந்தவன், “அண்ணே, சும்மா ஒரு ஞாபகத்துக்கு” என்று போனில் மெட்டைப் பதிந்துகொண்டு போனான். பதினைந்தே நாளில் விடுதி விளம்பரத்தில் அதே மெட்டு ஓடியது. ‘இசை: சேனாதிபதி’ என்று பெயரும் ஓடியது. சிவராமன் டீக்கடையில் நின்று கத்தினார். “என் மெட்டுய்யா அது!”

“தூணையே நகத்துனவரு, இதையும் சொல்லத்தானே செய்வாரு,” என்றார்கள்.

அன்று அவர் வடை சாப்பிடவில்லை. நாற்பது வருடமாக ஊரைச் சிரிக்கவைத்த அதே வாய், உண்மையைச் சொல்லும்போது ஒருவர் காதிலும் ஏறவில்லை. தன் வாயால் ஆகாது என்று தெரிந்தது. வேறொரு வாய் வேண்டும்.

பதினொரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே வந்தபோது முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை. புது மெட்டு, முந்தையதைவிட இனிப்பு. கடைசியில் மட்டும் பதினெட்டு நொடிக்குக் காதைக் கிழிக்கும் ஒரு கீச்சொலி.

சேனாதிபதி மறுபடி வந்தான், கையில் பிளம்ஸ் பையோடு.

“புதுசா ஏதும் போட்டிருக்கீகளாண்ணே?”

“போட்டிருக்கேன் தம்பி. ஆனா யாருக்கும் குடுக்கிற மாதிரி இல்ல. இரு, டீ போட்டுக் கொண்டாறேன்.”

புது மெட்டைப் பதிந்து வைத்திருந்த தன் போனை மேசைமேல் திறந்தபடியே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அந்த ஒரு டீயைப் போட அவருக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. கொடைக்கானல் சரித்திரத்தில் அப்படி ஒரு டீயை எவரும் போட்டதில்லை. திரும்பி வந்தபோது சேனாதிபதி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“அவசரச் சோலிண்ணே, இன்னொரு நாள் குடிக்கேன்!”

அந்த டீயைச் சிவராமனே குடித்தார். அமிர்தம்.

சீசன் சமயத்தில் விடுதிப் புல்வெளியில் புது மெட்டுக்கு வெளியீட்டு விழா என்று அறிவிப்பு வந்தது. விழாவுக்கு முந்தின நாள் சேனாதிபதியே நேரில் வந்து நின்றான். பெங்களூர் விருந்தாளிகள், இசை பிறந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்க்கவேண்டும் என்கிறார்களாம். “ஒரு நாளைக்கு உங்க பெட்டிய இரவல் குடுங்கண்ணே. மேசை மேல சும்மா இருந்தாப் போதும்.”

சிவராமனுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. “நானே தூக்கிட்டு வாறேன் தம்பி. வயரெல்லாம் மாட்டி வச்சாத்தான் பாக்க லெச்சணமா இருக்கும்,” என்றார் கடைசியில்.

பெட்டியையும் அதன் திரையையும் கம்பளியில் சுற்றி, சண்முகசுந்தரியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

“எனக்கு அங்க என்ன வேலைண்ணே?”

“நீங்க நம்பாம இருக்கணும் சுந்தரியம்மா. அது போதும்.”

சேனாதிபதியின் போனிலிருந்து ஒரு வயரை ஒலிபெருக்கிக்கும் இன்னொன்றைப் பெட்டிக்கும் மாட்டிய சிவராமன், பெட்டியில் ஒரு வரி தட்டிவிட்டு ஒதுங்கினார். மெட்டு ஒலித்தது, விருந்தாளிகள் கண்ணை மூடி ஆடினார்கள். கீச்சொலி வந்ததும் சிலர் காதைப் பொத்தினார்கள்.

“இது சோலைக்காட்டுச் சிள்வண்டுங்க!” என்று மைக்கில் முழங்கினான் சேனாதிபதி. “இந்தச் சத்தத்துக்காக மட்டும் மூணு ராத்திரி காட்டுல கெடந்தேன்!”

சிள்வண்டு ஓய்ந்தது. பெட்டியின் திரையில், எட்டுக்கு எட்டுக் கட்டங்களில் புள்ளி புள்ளியாக வரைந்த தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

மெட்டுப் போட்டது சிவராமன். திருடியது சேனாதிபதி.

சிவராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிக்கான புரோகிராம்களைக் கேசட்டில் கீச்சுச் சத்தமாக மாற்றித்தான் பதிந்து வைப்பார்கள். அந்தச் சத்தத்தை மறுபடி பெட்டிக்குள் விட்டால் புரோகிராம் திரும்ப எழுந்துகொள்ளும். திருடியவனுக்கு அது தெரியாது. தெரியாததால்தான் கடைசிக் கீச்சொலியை வெட்டாமல் விட்டிருந்தான்.

“ஏமாத்து வேலை!” சேனாதிபதி கத்தினான். “பெட்டிக்குள்ள முன்னாடியே எழுதி வச்சுக் கொண்டாந்திருக்காரு! இவரு புளுகு ஊருக்கே தெரியுமே! வேணும்னா அந்தம்மாகிட்டக் கேளுங்க!”

எல்லோரும் சண்முகசுந்தரியைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் இதுவரை சிவராமன் பக்கம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“எனக்கும் அதே சந்தேகந்தான்,” என்று எழுந்து வந்தார் சண்முகசுந்தரி. “ஏண்ணே, கரண்டை நிறுத்தினா இதுக்குள்ள என்ன மிஞ்சும்?”

“ஒண்ணும் மிஞ்சாதும்மா. எல்லாம் அழிஞ்சு போகும்.”

சண்முகசுந்தரி தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்தபடி முழுதாக ஐந்து நிமிடம் காத்திருந்தார். மறுபடி சொருகினார். வெறும் திரை. சிவராமனை மூன்று அடி தள்ளி நிற்கச் சொன்னார்; சத்தத்தை உள்ளே வாங்கச் சொல்லும் அந்த ஒரு வரியை அவரிடம் எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தானே அடித்தார். பிறகு சேனாதிபதியைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்க போனு, உங்க பாட்டு. நீங்களே போடுங்க தம்பி.”

அவன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். விருந்தாளிப் பெண் ஒருத்தி போனைத் தொட்டாள். மெட்டு ஓடியது. யாரும் ஆடவில்லை. சிள்வண்டு கத்தும்போது சேனாதிபதி வெரசாகச் சமையல்கட்டுப் பக்கம் நடந்தான், திரும்பி வரவில்லை.

எழுத்துகள் மறுபடி வந்தன. சண்முகசுந்தரி குனிந்து ஒரு தரம் வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு மைக்கைக் கையில் எடுத்தார்.

“இந்த மனுசன் சொன்ன எதையும் நான் நம்புனதில்ல, இனியும் நம்பப் போறதில்ல. ஆனா இது நெசம். என் கண்ணு முன்னாடி நடந்துச்சு.”