பாக்கி நின்ற காட்சி

அப்பாவின் முகத்திலிருந்த பவுடரை ரீனா ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். நடிகராயிற்றே என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அள்ளிப் பூசியிருந்தார்கள்.

"நல்லாத் தொடைட்டி," என்றாள் அம்மா லூசியம்மாள். "மேக்கப்போட ஒருநாளாவது வீட்டுக்குள்ள வந்திருக்காவளா? வாசல்லயே கழுவிட்டுத்தான வருவாவ."

அப்பா தனசீலன் முந்தாநாள் இறந்துபோனார். ஊரிலிருந்து அவர் தம்பி ரயிலில் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அன்று காலைதான் மும்பை தாராவி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியை வைத்ததும் அறை நிறைந்துவிட்டது. வந்தவர்கள் சந்தில் நின்றார்கள்.

இந்திப் படங்களில் அவர் எப்போதும் மதராசிதான். ஓட்டல்காரர், ஹெட்கிளார்க், பக்கத்து வீட்டுக்காரர். கண்ணை உருட்டி, "ஐயையோஜி!" என்று தலையிலடித்துக்கொள்வார்; தியேட்டரே சிரிக்கும். சயானில் படம் பார்க்கப் போனால், "இந்தா வரப்போறாவ, கண்ண மூடிறாத," என்று அம்மா கிள்ளுவாள். ரீனா நாற்காலிமேல் ஏறி நிற்பாள். இமைத்தால் போய்விடுவார். இடைவேளையில் சமோசா வாங்க வரும் அப்பாவைப் பார்த்து யாராவது "ஐயையோஜி!" என்று கத்துவார்கள். அவர் சலாம் வைப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

அவள் மாட்டுங்காவில் காலேஜ் சேர்ந்த வருடம் அதே சொல்லை அவளைப் பார்த்துக் கத்தினார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த வாரம் அப்பா ஷூட்டிங்கிலிருந்து பாதியிலேயே திரும்பி வந்தார். "இனிமே அத நான் பேசமாட்டேன்," என்றார், ஏன் என்று சொல்லவில்லை. அதன் பிறகு அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. இந்த வருடம்தான் பெரிய வேடம் ஒன்று வந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கும் தையல்காரர்.

அந்தப் படத்தின் உதவி இயக்குநர் யாசர் வாசலில் செருப்பைக் கழற்றினான். குர்லாவில் வளர்ந்த தமிழ்ப் பையன், அப்பாவைப் பைக்கில் கொண்டுவந்து விட்டுப்போகிறவன். மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டுத் தயங்கி நின்றான்.

"அக்கா, இப்ப கேக்கக் கூடாதுதான். அங்கிளுக்கு ஒரே ஒரு சீன் பாக்கி. கல்யாண சீன். கம்ப்யூட்டர்லயே அங்கிள கொண்டுவந்துரலாம்னு டைரக்டர் சொல்றாரு. மூஞ்சி, குரல் எல்லாம் இருக்கு. ஆன்ட்டி ஓகே சொன்னா போதும்."

"கொண்டுவரவா?" லூசியம்மாள் எழுந்து வந்தாள். "எப்பிடி?"

யாசர் போனை நீட்டினான். மாதிரிக்குச் செய்ததாம். பந்தல், மாலைகள், நடுவில் வெள்ளைச் சட்டையில் அப்பா. மகளின் தலையில் கை வைக்கிறார். உதடு நடுங்குகிறது.

"ஏட்டி, அப்பாட்டி!" லூசியம்மாளின் விரல் போன் திரையைத் தொட்டது. "அப்பிடியே இருக்காவ பாரு. அந்தத் தலையச் சாய்க்கது கூட."

ரீனாவும் பார்த்தாள். அப்பாதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பந்தி ஏதோ சொல்ல, அப்பா கண்ணை உருட்டி, "ஐயையோஜி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ரீனா கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே வைத்தாள்.

"யாசர், இதச் சொல்ல அப்பா ஒத்துக்கிட்டாங்களா?"

அவன் பெட்டியைப் பார்த்தான், பிறகு தரையை.

"செட்ல டைரக்டர் கேட்டாரு. அங்கிள் மாட்டேன்னுட்டாரு. ரெண்டு நாள் போராடிப் பாத்தோம். அதனாலதான் அந்த சீன் பாக்கி நின்னுச்சு."

ரீனா அம்மாவைப் பார்த்தாள். எப்படியாவது அவர் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று முந்தாநாளிலிருந்து வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள் அம்மாதான்.

"இன்னொரு மட்டம் போடுப்பா," என்றாள் லூசியம்மாள். "சத்தம் வேண்டாம்."

சத்தமில்லாமல் அப்பா வந்தார். மகளின் தலையில் கை வைத்தார். உதடு நடுங்கியது. லூசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தன் தலையில் அடித்துக்கொள்ளக் கை தூக்குவதற்குள் போனைக் கவிழ்த்து யாசரிடம் கொடுத்தாள்.

"கொண்டு போப்பா. அவியதான் மாட்டேன்னுட்டாவல்லா."

"ஆன்ட்டி, அந்த டயலாக்க எடுத்துரச் சொல்லிப் பாக்கட்டுமா?"

"இத எடுப்பாவ. பொறவு வேற ஒண்ணு சொல்லச் சொல்லுவாவ. இவிய இனி யார்ட்ட போயி மாட்டேன்னு சொல்லுவாவ?"

யாசர் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

போதகர் வந்து ஜெபித்தார். பெட்டியை மூடும்போது லூசியம்மாள் அப்பாவின் காலர் பட்டனைச் சரிசெய்தாள், மறுபடி சரிசெய்தாள். சித்தப்பா அவள் கையை மெதுவாக விலக்கினார்.

தூக்க ஆள் போதவில்லை. ஒரு மூலையில் யாசர் தோள் கொடுத்தான். சந்து குறுகலானது, தலைக்கு மேல் வீட்டுக்கு வீடு கொடியில் சேலைகளும் பள்ளிக்கூடச் சட்டைகளும் தொங்கின. பெட்டி நெருங்க நெருங்க மேல்மாடிப் பெண்கள் துணிகளைக் கைநிறைய உருவிக்கொண்டார்கள். பின்னால் நடந்த ரீனாவின் மேல் வெயில் விழுந்தது.