ஈரண்ணா தள்ளாத பத்து நிமிடம்

நிலக்கரி வண்டி மலையடிவாரத்துக் குலேம் ஸ்டேஷனில் நின்றது. மலையேற முன்னால் இரண்டு டீசல் என்ஜின், பின்னால் மூன்று. முன்னிரண்டையும் ஒரு கேபிள் இணைத்திருந்தது. டிரைவர் ஒரு பிடியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். பின்னால் உள்ள மூன்றும் அப்படியே, டிரைவர் ஈரண்ணா ஹடபத்தின் கைக்குள். நடுவில் ஐம்பது பெட்டிக்கு மேல். முன்னவரும் பின்னவரும் வாக்கி டாக்கியில் பேசித்தான் ஒத்துப்போக வேண்டும்.

அதில் வந்த முன் டிரைவரின் குரலை ஈரண்ணா உடனே அடையாளம் கண்டுகொண்டான். உல்ஹாஸ் நாயக்!

நான்கு வருஷத்துக்கு முன் இதே ஏற்றத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வேகத்தைக் குறைத்தவன் நாயக். ஈரண்ணா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்க, நடுப்பெட்டிகள் தடம்புரண்டன. கார்டுக்குக் கால் போனது. "நிறுத்துன்னு சொன்னேன், அவன்தான் கேக்காம தள்ளினான்" என்று விசாரணையில் சத்தியம் செய்தான் நாயக். ஈரண்ணா தண்டனையாக மூன்று வருஷம் யார்டில் பெட்டி நகர்த்தினான். கார்டின் மனைவி சந்தையில் அவனைக் கண்டால் காறித் துப்புவாள்.

பாதி மலையில், ஏற்றம் கடுமையான இடத்தில், ஈரண்ணா பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். வண்டி முக்கி முனகி நின்றது. நாயக் பிரேக் போட்டான்.

"ஈரண்ணா, என்னாச்சு? தள்ளுப்பா!"

"நீ சொல்றதுதான் எனக்குக் கேக்காதே. விசாரணையில நீயே சொல்லியிருக்கியே."

பக்கத்திலிருந்த உதவி டிரைவர் மென்டோசா பதறினார். "வேணாம் அண்ணா, வேலை போயிடும்."

"போகட்டும்." மறுபடி வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினான். "நாயக், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. தள்றேன்."

"விளையாடாதே! கார்டு, ஸ்டேஷன்காரங்க எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க!"

"அதுக்குத்தான்."

பத்து நிமிடம் ஓடியது. நாயக் கெஞ்சினான், அதட்டினான், அம்மா பேரை இழுத்துத் திட்டினான். கடைசியில் இந்த வண்டியின் கார்டே குறுக்கிட்டார். "சொல்லித் தொலைப்பா. எனக்கும் ரெண்டு காலு இருக்கு."

"நான்... நிறுத்துன்னு சொல்லலை. பயத்துல பழியை அவன்மேல போட்டேன்."

"எவன்மேல?"

"ஈரண்ணாமேல!"

"இன்னொரு தடவை. சரியா கேக்கல."

இன்னொரு தடவையும் சொன்னான். ஈரண்ணா பிடியைத் திருப்பினான்.

ஈரண்ணாவை இடைநீக்கம் செய்தார்கள். பழைய விசாரணையும் தூசி தட்டப்பட்டது. ஒரு மதியம் நாயக் ஈரண்ணா வீட்டு வாசலில் வந்து நின்றான். "மிரட்டித்தான் சொல்ல வச்சேன்னு எழுதிக் குடு, அண்ணா. புள்ளகுட்டிக்காரன் நான்."

ஈரண்ணா சோள ரொட்டியை மென்றுகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தான். அந்த முகம் வெளுத்திருந்தது அவனுக்கு இனித்தது. அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு, ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்.