கவனப் பயிற்சி

ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தல் வாசித்தபோது யாகப்பர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். "புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பங்கு மண்டபத்தில் கவனப் பயிற்சி. மனஅழுத்தம் உள்ளவர்கள், கடற்றொழிலாளர் குடும்பத்தினர் தவறாமல் வரவும்." மற்றவர்களுக்கு அது டெங்கு ஒழிப்பு போல இன்னுமொரு அறிவித்தல். யாகப்பருக்கோ பள்ளிமுனை ஊர் முழுவதும் கழுத்தைத் திருப்பித் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. கவனமில்லாதவனுக்குத்தானே கவனப் பயிற்சி வைப்பார்கள்? உண்மையில் அவரைத் திரும்பிப் பார்த்தது அவர் மனைவி றெபேக்கா ஒருத்திதான்.

விசயம் நாலு மாதத்துக்கு முன் நடந்தது. தங்கை அன்ரோனெற்றின் புருஷன் றொஷான் சங்கு குளிக்கிறவன். முதுகில் சிலிண்டரும் இடுப்பில் கயிறுமாக அவன் கடலுக்குள் இறங்க, படகிலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது யாகப்பரின் வேலை. கீழேயிருந்து ஒரு இழுவை வந்தால் சுகமாக இருக்கிறான். இரண்டு வந்தால் தூக்க வேண்டும். பதினொரு வருடம் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை.

அன்றைக்குப் போன் அடித்தது. கயிற்றைப் படகின் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எடுத்துப் பேசினார். ஒரு நிமிடம்கூட இராது. அந்த நேரம் பார்த்துச் சிலிண்டரில் காற்று முடியப்போக, றொஷான் இரண்டு தரம் இழுத்திருக்கிறான். மேலேயிருந்து பதில் இல்லை. மெதுவாக, இடையிடையே நின்று வரவேண்டியவன் பயத்தில் ஒரேயடியாக மேலே வந்துவிட்டான். அப்படி வந்தால் கால் விழும், அசைக்க முடியாமல் போகும் என்பது குளிக்கிற எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் விழுந்தது.

"கவனமில்லாமல் இருந்திட்டான்" என்று கரையில் யாரோ சொன்னார்கள். ஒருவர், ஒரே ஒரு தரம். மிச்சத்தை யாகப்பர் தானே பொறுப்பெடுத்து, நாள் தவறாமல் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகவில்லை. ஒழுங்கான நித்திரை இல்லை. சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு தரமும் போகவில்லை. அன்ரோனெற்றும் இந்தப் பக்கம் வரவில்லை. அவருக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவள். அவளை இழந்துவிட்டோம் என்ற நினைப்புத்தான் அவரை உள்ளே தின்றுகொண்டிருந்தது.

"போங்கோ. போகாட்டி புதன்கிழமை உங்களுக்குச் சோறு இல்லை" என்றாள் றெபேக்கா. போனார்.

மண்டபத்தில் இருபது பிளாஸ்டிக் கதிரைகள். பயிற்சி கொடுக்க வந்தவள் மதுஷிகா என்ற உளவளத்துணை உத்தியோகத்தர், நானாட்டானில் வயற்காரர் வீட்டுப் பிள்ளை. முதலில் ஆளுக்கொரு திராட்சை வற்றலைக் கொடுத்து, அதைப் பார்த்து, மணந்து, மூன்று நிமிடம் மென்று சாப்பிடச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்க முன்னமே பின்வரிசையில் பாதிப் பேர் விழுங்கியாகிவிட்டது. பிறகு கண்ணை மூடச் சொன்னாள். வரிசையாக எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்கள்.

"இப்ப உங்கட கவனத்தை மூச்சுக்குக் கொண்டுவாங்கோ."

யாகப்பர் எழுந்துவிட்டார். "மிஸ், ஆரைச் சொல்லுறீங்கள் எண்டு எனக்கு விளங்குது. ஓம், நான் கவனமில்லாமல்தான் இருந்தனான். அதுக்கு இத்தினை பேரைக் கூப்பிட்டு வைச்சுச் சொல்லவேணுமோ?"

பாவம், அந்தப் பிள்ளைக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. எல்லாரும் போன பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் இருந்து முழுக்கதையையும் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் நினைக்கிறது விழுந்திடாதை, உடைச்சிடாதை எண்டு சொல்லுற கவனம். நான் சொன்னது அதில்லை. இப்ப என்ன நடக்குதோ, அதோட இருக்கிறது. அவ்வளவுதான்."

"எனக்கு மூச்சைப் பாக்க ஏலாது மிஸ். மூச்சு எண்டாலே அவன் கீழ கிடந்து இழுக்கிறதுதான் வருது."

"அப்ப மூச்சை விடுங்கோ. கயிறு பிடிக்கேக்க உங்கட மனம் எங்க நிக்கும்?"

"கையில."

"அப்ப கையிலயே வையுங்கோ. நாளுக்குப் பத்து நிமிசம். மனம் ஓடும். ஓடினால் அதுக்கு ஏசாதேங்கோ. எங்க போனது எண்டு மட்டும் பாத்திட்டு, திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"கடலில திரும்பக் கூட்டிக்கொண்டு வர நேரமிராது."

"ஓம், அது உண்மைதான்" என்றாள்.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று முதுகில் தட்டியிருந்தால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த நாளே வீட்டின் பின்பக்கக் கோடியில் கதிரையைப் போட்டு, பழைய கயிற்றை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு இருந்தார். மனம் கடலுக்குத்தான் ஓடும் என்று எதிர்பார்த்தார். அது கடல் பக்கமே போகவில்லை. நேரே இரண்டு ஒழுங்கை தள்ளி, தங்கை வீட்டு வாசலில் உள்ள நீலத் தகரப் படலைக்குப் போய் நின்றது. கூட்டிக்கொண்டு வந்தார். திரும்பவும் போனது. ஐந்து நாளும் அதே படலைதான். ஆறாம் நாள் அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மனம் தினமும் போய் வருகிறதே, இந்தக் காலுக்கு மட்டும் என்ன கேடு? சேர்ட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைக்க மறந்துபோனார்.

அன்ரோனெற் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"பிள்ளை, நான் போனை எடுத்தனான்" என்று யாகப்பர் ஆரம்பித்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சில் அதுமட்டும்தான் வாயில் வந்தது.

"எடுத்தனீங்கள் எண்டால், அடிச்சது ஆர் அண்ணா? நான்தானே!" அவள் உடைந்து அழுதாள். "வரேக்க ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்ல அடிச்சனான். ஒரு தேங்காய்க்காக அவற்ற காலைக் கொடுத்திட்டன். நீங்கள் என்னில கோவம் எண்டு நினைச்சுத்தான் நான் உங்கட பக்கம் வரேல்ல."

அடித்தது அவள்தான் என்பது யாகப்பருக்குத் தெரியாததல்ல. நாலு மாதமாகக் கயிற்றை விட்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த அழைப்பின் மறுமுனையில் ஒருத்தி இருந்தாள் என்பது ஒரு தரமும் உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. மீன் செதிள் ஒட்டியிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார்.

"ரெண்டு பேரும் அழுது முடிஞ்சால் ஆராவது என்னை எழுப்பிவிடுங்கோ" என்று உள்ளேயிருந்து றொஷானின் குரல் வந்தது. "டொக்டர் சொன்ன நடை இண்டைக்கு இன்னும் நடக்கேல்ல."

யாகப்பர் வாசலில் போய் நின்றார். "மச்சான், நீ இழுத்தனீ. நான்..."

"ஓம், ரெண்டு தரம் இழுத்தனான். கோவம் இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா நாலு மாசமா நீங்கள் எட்டியும் பாக்கேல்ல. அதுதான் அதைவிடக் கோவம்." பிறகு அவர் கையைப் பார்த்தான். "உதென்ன, கயிறு?"

"மறந்துபோய்க் கொண்டுவந்திட்டன்."

"நல்லதாப்போச்சு. கட்டுங்கோ."

கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டினார். றொஷான் மதிலைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அடியெடுத்து வைத்தான். யாகப்பர் நாலு முழம் பின்னால், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தார். மூன்றாவது அடியில் அவருடைய சேர்ட்டுப் பையில் போன் அடித்தது. றொஷான் நின்றுவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

யாகப்பரின் மனம் பைக்குப் போனது. போனதை அவர் கண்டார். ஏசவில்லை. கூட்டிக்கொண்டு வந்து கையில் விட்டார். போன் அடித்து ஓய்ந்தது. றொஷான் நாலாவது அடியை வைத்தான். ஐந்தாவதில் முழங்கால் மடிந்தது. கயிறு இரண்டு தரம் இழுபட்டது. இரண்டாவது இழுவை முடிய முன்னமே யாகப்பர் அவனுடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கியிருந்தார்.

போன் திரும்பவும் அடித்தது.

"றெபேக்கா மச்சாளா இருக்கும் அண்ணா" என்றாள் அன்ரோனெற். "எடுங்கோவன்."

"அடிக்கட்டும் பிள்ளை. மச்சான் இன்னும் நடந்து முடியேல்ல."