துள்ளுமீன் டாட் இன்

காசிமேட்டிலிருந்து மீனை வெட்டிச் சுத்தம் செய்து வீடுகளுக்கு அனுப்பும் தொழிலுக்கு மகிழினி ஒரு பெயர் பிடித்து வைத்திருந்தாள்: துள்ளுமீன். ஆனால் இணைய முகவரி வாங்கப் போனபோது, அதை யாரோ முன்பே பதிவு செய்திருந்தார்கள். வேறு பெயர்கள் எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. கடைசியில் அந்தத் தளத்தில் இருந்த எண்ணுக்கே போன் செய்தாள்.

எடுத்தவள் ராயபுரத்தைச் சேர்ந்த பெர்சிஸ் என்ற பெண். வண்ணமீன் கடை வைக்கலாம் என்று பதிவு செய்த பெயராம்.

"அக்கா, எனுக்கு அந்தப் பேருதான் புட்ச்சிகீது. வேற எதுவும் செட்டாவல," என்றாள் மகிழினி.

"நீ எந்த ஏரியா?"

"காசிமேடு. எங்க நைனா போட்டுலதான் போறாரு."

பெர்சிஸ் சட்டென்று சொன்னாள்:

"ஊரே மூழ்கின வெள்ளத்துல மாடியில மாட்டிக்கிட்ட எங்கம்மாவ போட்டுல வந்து கூட்டிட்டுப் போனது காசிமேட்டு ஆளுங்கதான். அவங்க பேரக்கூட நாங்க கேட்டுக்கல. இந்தப் பேர நீயே வெச்சுக்கம்மா. என் கடைக்கு வேற பாத்துக்கிறேன்."



அந்த வாரமே முகவரி அவள் கைக்கு வந்தது. தொழில் தொடங்கிய நாளில், வந்ததிலேயே நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பெர்சிஸின் அம்மாவைப் பார்க்க அவளே ராயபுரத்துக்குக் கிளம்பினாள்.