வருஷம் செதுக்காத கல்

எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் புருஷன் செத்தால் கல்லறைக் கல்லில் பெண்டாட்டியின் பெயரையும் சேர்த்தே செதுக்கிவிடுவார்கள். பிறந்த வருஷம் இருக்கும். இறந்த வருஷத்துக்கு இடம் விட்டிருக்கும். என் புருஷன் ஹார்லன் போன இந்த ஒன்பது வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் 'வெர்னா' என்ற என் பெயரை நானே கல்லறைத் தோட்டத்தில் படித்துவிட்டுத்தான் காருக்குப் போகிறேன். முதலில் அது ஆறுதலாக இருந்தது. இப்போதெல்லாம் எனக்காக யாரோ துண்டு போட்டு இடம் பிடித்துவைத்த மாதிரி இருக்கிறது.

இந்த வசந்தத்தில், வெள்ளிக்கிழமை ஊர் கூடி மீன் வறுவல் சாப்பிடும்போது லெஸ்டர் கேட்டுவிட்டான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பெண்டாட்டி இறந்ததும் மாடுகளை விற்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்தான்.

"வெர்னா, என் வீட்டு சோபால ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு. இன்னொரு பக்கமும் தேயட்டுமேன்னு பாக்குறேன்."

எழுபத்தொரு வயதில் எனக்குக் காது சிவந்தது. சரி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கோடையில் குடும்பமெல்லாம் கூடும்போது சொல்கிறேன் என்று தட்டிக்கழித்தேன்.

மில்வாக்கியில் இருக்கும் என் மகள் ஷெரிலிடம் போனில் சொன்னேன். "அம்மா, அப்பா கல்லுல உன் பேர் இருக்கு. ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இல்லாம என்ன? வாராவாரம் படிக்கிறேனே."

"அப்போ அப்பா பக்கத்துல யாரு படுப்பா? அவர் மட்டும் தனியா கெடக்கணுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் அழுதுகொண்டு கேட்டாள். அன்றிலிருந்து சோபாவை நினைத்தாலே ஹார்லன் தனியாகக் கிடப்பதுதான் கண்ணுக்கு வந்தது.

இந்த நேரம் பார்த்து என் பெரியப்பா வழி அக்கா இர்மா கூப்பிட்டாள். குடும்பத்தின் பழைய பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் தோண்டுகிற வேலை என் தலையில் விழுந்து ரொம்ப நாளாகிறது. இந்த முறை ஒட்டிலி. என் தாத்தாவைப் பெற்றவள். பத்தொன்பது வயதில் ஜெர்மனியின் பொமரேனியாவிலிருந்து கப்பலேறி விஸ்கான்சினுக்கு வந்தவள். முதல் புருஷன் ஃபெர்டினாண்ட். அவர் கல்லில் இவள் பெயரும் இருக்கிறது, இறந்த வருஷம் மட்டும் இல்லை.

"எல்லாரும் கூடும்போது அந்த வருஷத்த செதுக்கிடலாம்னு இருக்கோம். அவ எப்போ செத்தான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு," என்றாள் இர்மா.

"அவ அங்கதான் படுத்திருக்கான்னு உனக்கு எப்படிக்கா தெரியும்? அப்புறம் நம்ம கொள்ளுத்தாத்தா ஆகுஸ்டக் கட்டினாளே. அவர் வழிதானே நாம."

"மொத புருஷன் பக்கத்துல படுக்காம வேற எங்கடி படுப்பா? நல்ல குடும்பத்துப் பொம்பள."

யாருக்குச் சொல்கிறாள் என்று புரிந்தது. லெஸ்டர் விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. சரி, தேடித்தான் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டேன். ஒட்டிலி கடைசியில் யார் பக்கத்தில் படுத்தாள் என்று தெரிந்தால் நானும் லெஸ்டருக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அசட்டுத்தனம்தான். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும் சபைப் பதிவுகளைப் படிப்பது கொசு காலை எண்ணுகிற மாதிரி. மார்ச் மாதம் ஃபெர்டினாண்ட் மரம் வெட்டும்போது மரம் விழுந்து இறந்திருக்கிறார். அதே வருஷம் ஆகஸ்ட் மாதமே ஒட்டிலிக்கும் பக்கத்துப் பண்ணை ஆகுஸ்டுக்கும் கல்யாணம். "அடிப்பாவி, அதுக்குள்ளயா?" என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்து மக்கள்தொகைக் கணக்கையும் பண்ணைக் கணக்கையும் பார்த்தேன். நாலு குழந்தைகள், மூத்ததுக்கு ஏழு வயது. பன்னிரண்டு மாடுகள். நான் பால் பண்ணையில் வளர்ந்தவள். துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகும் பால் கறக்கச் சொல்லி மாடு கத்தும். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆகுஸ்ட் தாத்தா பன்னிரண்டு வருஷம் கழித்து நெஞ்சில் சளி கட்டிப் போனார். அவர் கல்லை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. பாசியைச் சுரண்டினேன். அங்கேயும் அவள் பெயர், அதே பிறந்த வருஷம், அதே வெற்றிடம்.

இர்மாவிடம் சொன்னேன். "கல்தச்சனையே ஏமாத்தியிருக்கா கைகாரி," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏமாற்றவில்லை. ஹார்லன் கல்லில் என் பெயரைச் செதுக்கச் சொன்னபோது நான் பொய்யா சொன்னேன்? அவர் பக்கத்தில் அன்றைக்கே படுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள், இரண்டு முறையும். பிறகு விடிந்திருக்கும். மாடு கத்தியிருக்கும்.

அதோடும் முடியவில்லை. மூன்றாவதாக மேற்கே இருபது மைல் தள்ளி, ஐந்து பிள்ளைகளோடு மனைவியை இழந்து நின்ற கோட்லீபைக் கட்டியிருக்கிறாள். அந்த ஊர்ச் சபையின் பதிவில் அவள் சாவும் கிடைத்தது. 1921, அடக்கம் அங்கேயே.

லெஸ்டர் தன் வண்டியில் அழைத்துப்போனான். எதற்கு வருகிறோம் என்று அவனிடம் முழுக்கச் சொல்லவில்லை. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கோட்லீப் கல் சீக்கிரமே அகப்பட்டது. 1908. சின்னக் கல். அதில் ஒட்டிலி பெயர் இல்லை. இடது பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர், வலது பக்கம் யாரோ ஒரு கிழவி. பின்னால், முன்னால், எங்கும் அவள் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று புருஷன், ஒருவர் பக்கத்திலும் இல்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

லெஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பால் கேன அடுக்கி வெச்ச மாதிரி ஒரே வரிசையா இருக்கு பாரு. குடும்பம் குடும்பமா இல்லவே இல்லயே."

தலையைத் தூக்கினேன். கோட்லீப் 1908. பக்கத்துக் கிழவி 1908. அதற்கடுத்தவர் 1909. அப்போதுதான் உறைத்தது. இந்தச் சபையில் குடும்பத்துக்கென்று தனி இடமே கிடையாது. யார் அடுத்து இறந்தார்களோ அவர்களுக்கு அடுத்த குழி. முதலாளி, வேலையாள், புருஷன், பெண்டாட்டி எல்லோரும் ஒரே வரிசைதான். நானோ பேர் பேராகத் தேடிக்கொண்டிருந்தேன்.

வரிசையோடு நடந்தேன். லெஸ்டர் வருஷங்களைப் படித்துக்கொண்டே பின்னால் வந்தான். முதல் உலக யுத்தத்தைத் தாண்டினோம், 1918-இல் காய்ச்சல் வந்து ஊரே செத்த வருஷத்தைத் தாண்டினோம். அடுத்த வரிசையின் நடுவில் இருந்தாள். இடது பக்கம் பிறந்த வாரமே போன ஒரு குழந்தை. வலது பக்கம் கல்யாணமே ஆகாத ஒரு பண்ணைக் கூலியாள். அவள் கல்லில் எந்தப் புருஷன் பெயரும் இல்லை. ஒட்டிலி, கீழே ஜெர்மனில் 'எங்கள் அம்மா'. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வைத்திருக்க வேண்டும். அதில் ஐந்து பேர் அவள் பெறாதவர்கள்.

"ஆக, மூணு பேர கட்டிக்கிட்டு கடைசியில யாரோ கூலிக்காரன் பக்கத்துல படுத்திருக்கா," என்றான் லெஸ்டர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இத்தனை மாதமாக நெஞ்சில் கனத்தது எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் மூன்று பேரோடும் வாழ்ந்திருக்கிறாள். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். அவள் எங்கே படுத்தாள் என்று தேடி ஒரு வசந்தத்தை வீணாக்கியிருக்கிறேன்.

"அந்த சோபா என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"பச்சை. ஏன்?"

"எனக்குப் பச்சை பிடிக்காது. இருந்தாலும் வர்றேன்."

தொப்பியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான், பாவம்.

சாயங்காலம் இர்மாவுக்குச் சொன்னேன், ஃபெர்டினாண்ட் கல்லில் கைவைக்காதே என்று. போனை வைத்துவிட்டாள். ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிடுவாள். பிறகு ஷெரிலைக் கூப்பிட்டு ஒட்டிலி கதையை முதலிலிருந்து சொன்னேன். கேட்டாள். ஆனால் பிடித்த பிடியை விடவில்லை.

"அதெல்லாம் சரிம்மா. அப்பா கல்லுல இருக்கிற அந்த இடம்?"

"இருக்கட்டும்டி. அழிக்கப்போறதில்ல. செதுக்கச் சொன்னப்போ மனசாரத்தான் சொன்னேன். நான் செத்தப்புறம் உங்கப்பா பக்கத்துலயே வை, இல்ல வேற எங்க தோணுதோ அங்க வை, நான் எந்திரிச்சு வந்து கேக்கமாட்டேன். ஆனா ஷெரில், அதுவரைக்கும் என்னை அங்க வெச்சுடாத."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கல்யாணத்துக்கு உருளைக்கிழங்கு சாலட் நான் செஞ்சு எடுத்துட்டு வர்றேன்," என்றாள் கடைசியில். "உன்னோடதுல என்னைக்குமே உப்பு இருக்காது."